எல்லாமே குரோட்டன்ஸ் இல்லங்க: வீட்டுச் செடியைப் பார்த்தே பேர் கண்டுபிடிக்கிறது எப்படி

போன வருஷம் சித்திரை லீவுக்கு தங்கச்சி பிள்ளைகளோட கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்திருந்தா. வளவுல, அதாவது வீட்டு நடு முத்தத்துல, தூணோரமா வரிசையா தொட்டி வச்சிருக்கோம், அவளோட ரெண்டரை வயசுப் பையன் அதுல ஒரு இலையைப் பிய்ச்சு வாயில போட்டுட்டான். கொஞ்ச நேரத்துல எச்சில் ஊத்துது, உதடு தடிச்சுப்போச்சு, பிள்ளை அலறுறான். ஈரத்துணியால வாயைத் துடைச்சு, ஜில்லுனு பால் குடுத்துட்டு டாக்டருக்கு போன் போட்டா அவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன செடி?" அப்பத்தா, ஆத்தா, நான்னு வீட்ல இருந்த அத்தனை பேரும் சொன்னது "குரோட்டன்ஸ்".

அது குரோட்டன்ஸே இல்ல, டைஃபன்பேக்கியா. நல்லவேளை சாயங்காலத்துக்குள்ள வீக்கம் வத்திடுச்சு. ஆனா ஆசை ஆசையா தண்ணி ஊத்துற செடிக்குப் பேர் தெரியலையேன்னு எனக்கு மனசே ஆறல, அன்னைக்கு உக்காந்து ஒவ்வொண்ணா பார்க்க ஆரம்பிச்சதுதான் இது எல்லாம்.

முதல்ல ஒண்ணு, நிறத்தை நம்பாதீங்க. நம்ம ஊர்ல இலையில கலர் இருந்தா குரோட்டன்ஸ், பச்சையா கொடியா இருந்தா மணி பிளான்ட், அவ்வளவுதான் கணக்கு. அதே மணி பிளான்ட்டை வீட்டுக்குள்ள பட்டாலை இருட்டுல வச்சா மஞ்சள் கோடு குறைஞ்சு பச்சையா வரும், வளவு வெளிச்சத்துல வச்சா மஞ்சள் தூக்கலா வரும், அப்ப நிறத்தை வச்சு என்ன சொல்ல முடியும்? காம்பைப் பாருங்க. காம்பு இலையில எந்த இடத்துல சேருது, தண்டுல இருந்து வருதா மண்ணுக்குள்ள இருந்து வருதா, நரம்பு எப்படி ஓடுது, கிள்ளினா பால் வருதா, இத்தனையும் பார்த்தாலே பாதிக்கு மேல பிடிபட்டுடும்.

மணி பிளான்ட்டையே எடுத்துக்கங்க. வெத்தலைக் கொடியும் அதுவும் பக்கத்துல பக்கத்துல இருந்தா புதுசா பார்க்குறவங்க குழம்பிடுவாங்க, ரெண்டும் இதய வடிவம், ரெண்டும் கணுவுக்குக் கணு வேர் விட்டு ஏறும். வெத்தலையைத் திருப்பிப் பாருங்க, அடியில இருந்தே அஞ்சு ஏழு நரம்பு பிரிஞ்சு வளைஞ்சு நுனியைப் பார்த்துப் போகும், கசக்கினா வாசனை சொல்லிடும். மணி பிளான்ட்ல நடுவுல ஒரே தடிச்ச நரம்பு, வாசனை கிடையாது, இலை மெழுகு பூசின மாதிரி தடிமனா இருக்கும். காம்போட மேல்பக்கம் கட்டைவிரல் நகத்தை வச்சு இழுத்தீங்கன்னா சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளம் ரொம்ப முக்கியம், ஏன்னா இதே சாயல்ல நர்சரில விக்கிற ஹார்ட் லீஃப் ஃபிலோடென்ட்ரானுக்கு காம்பு பெரும்பாலும் உருண்டையா வழவழன்னு இருக்கும். இன்னொண்ணு, ஃபிலோடென்ட்ரான்ல புது இலை தனியா ஒரு மெல்லிசு உறைக்குள்ள இருந்து வரும், அந்த உறை காஞ்சு பழுப்பா ஒட்டிட்டு நிக்கும். மணி பிளான்ட்ல அப்படி உறை இருக்காது, முந்தின இலையோட காம்புல இருந்தே புதுசு சுருண்டு வெளிய வரும்.

தென்னை மரத்துல ஏறவிட்ட மணி பிளான்ட் இலை முறம் அளவுக்குப் பெருசாகி ஓரம் கிழிஞ்சு நிக்கும், அதைப் பார்த்துட்டு மான்ஸ்டெரான்னு சொல்றவங்க இருக்காங்க. வளர்ந்த மான்ஸ்டெராவுக்கு ஓரத்துல கிழிசல் மட்டும் இல்ல, நடு நரம்பை ஒட்டி இலைக்கு உள்ளேயே ஓட்டை விழும்.

இப்ப டைஃபன்பேக்கியாவும் அக்லோனிமாவும். ரெண்டுலயும் பச்சையில வெள்ளைத் தெளிப்பு இருக்குறதால கடைக்காரங்களே மாத்திக் குடுக்குறாங்க. டைஃபன்பேக்கியாவுக்குத் தண்டு கரும்பு மாதிரி தடியா, இலை உதிர்ந்த இடமெல்லாம் வளையம் வளையமா இருக்கும், இலை அகலம், அடியில நடு நரம்பு விரல் தடிமனுக்குப் புடைச்சிருக்கும். அக்லோனிமா அதை விடக் குள்ளம், இலை ஒடுக்கமா தோல் மாதிரி கெட்டியா இருக்கும், அடியிலேயே பக்கத்துக் குருத்து விட்டு புதரா நிக்கும். பிங்க், சிவப்பு கலந்திருந்தா அது டைஃபன்பேக்கியா இல்லைன்னு தைரியமா சொல்லலாம்.

இதுவரை சொன்ன தொட்டிச் செடில வெத்தலையையும் குரோட்டன்ஸையும் தவிர அத்தனையும், கூடவே சிங்கோனியம், கலேடியம், பீஸ் லில்லி, அந்தூரியம் எல்லாமே நம்ம சேப்பங்கிழங்கு, சேனை, கருணைக்கிழங்கோட குடும்பம்தான்! பீஸ் லில்லி பூவைக் கிட்டத்துல பாருங்க, நடுவுல ஒரு கதிர், அதைச் சுத்தி ஒரு மடல், சேனை பூத்தாலும் அதே அமைப்புதான். கருணைக்கிழங்கை அரிஞ்சா கை அரிக்குதே, புளி ஊத்தித்தானே மசியல் வைக்கிறோம், அந்த அரிப்புக்குக் காரணமான ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம்தான் இந்தச் செடிகள்லயும் இருக்கு. தங்கச்சி மகன் வாய் வீங்கினதும் அதனாலதான். அதனால இந்த மாதிரி பூ விடுற செடி எதுவா இருந்தாலும் பிள்ளைங்க, ஆடு மாடு, பூனை எட்டாத உயரத்துல வைங்க.

கலேடியம், சிங்கோனியம் குழப்பம் லேசுல தீர்ந்துடும். கலேடியம் இலை காகிதம் மாதிரி மெல்லிசு, ஒவ்வொரு காம்பும் நேரா மண்ணுக்குள்ள இருக்குற கிழங்குல இருந்து வரும், காம்பு இலை ஓரத்துல சேராம சேம்பு மாதிரி கொஞ்சம் உள்ள தள்ளி அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். சிங்கோனியம் இலை அம்பு வடிவம், காம்பு ஓரத்துலயே சேரும், விட்டா கொடியா ஓடும், வயசானா ஒரே இலை மூணா அஞ்சா பிரியும்.

நட்டுக்குத்தலா கத்தி மாதிரி நிக்கிறது ஸ்நேக் பிளான்ட். வேலியோரம் முளைக்கிற நம்ம மருளும் இதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், ஆனா மருள் இலை ஒடுக்கமா உள்பக்கம் குழிஞ்சு இருக்கும், ஸ்நேக் பிளான்ட் அகலமா தட்டையா இருக்கும், சிலதுக்கு ஓரத்துல மஞ்சள் கரை. ஜீஜீ பிளான்ட்டைப் பத்தி பெருசா சொல்ல வேண்டியதில்ல, எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளப்பு, மண்ணைக் கொஞ்சம் விலக்கினா உருளைக்கிழங்கு சைஸ்ல கிழங்கு.

அரேகா பாம்னு வாங்கிட்டு வந்து பாக்கு காய்க்கும்னு எங்க ஆயா நாலு வருஷம் காத்திருந்தாங்க, பாவம். பாக்கு மரம் ஒத்தை மரமா போகும். இது மடகாஸ்கர் பக்கத்துது, ஒரே தொட்டியில பல தண்டு கும்பலா வரும், மட்டைக் காம்பு மஞ்சளா இருக்கும்.

நீள இலை விடுற செடி டிரசீனாவா கார்டிலைனான்னு சந்தேகம் வந்தா தொட்டி மாத்தும்போது வேரைப் பாருங்க, டிரசீனா வேர் ஆரஞ்சு மஞ்சள், கார்டிலைன் வேர் வெள்ளை. காரைக்குடில ஒரு நர்சரில டிரசீனான்னு சொல்லி வித்த மூணு செடியை இப்படித்தான் வேரைப் பார்த்து கார்டிலைன்னு கண்டுபிடிச்சேன். ரப்பர் பிளான்ட்னா நுனியில சிவப்பா கூம்பு மாதிரி உறை, கிள்ளினா வெள்ளைப் பால், ஆலமரத்துக்குச் சொந்தம்னு அதுலயே தெரியும்.

அப்புறம் நிஜ குரோட்டன்ஸ். அதுக்குத் தண்டு மரம் மாதிரி கெட்டி, கிளை கிளையா பிரியும், இலை தோல் மாதிரி விறைப்பா ஒரே செடியிலயே பச்சை மஞ்சள் சிவப்புன்னு மாறும், நரம்பு தனி நிறத்துல எடுப்பா தெரியும், ஒடிச்சா சாறு கசியும். அந்தச் சாறும் சில பேருக்குத் தோல்ல அரிக்கும், வெட்டிவிடும்போது கையுறை போட்டுக்கங்க.

யார்கிட்டயாவது போட்டோ அனுப்பி பேர் கேக்குறதா இருந்தா முழுச் செடி ஒண்ணு, இலையோட அடிப்பக்கம் ஒண்ணு, காம்பு சேருற இடம் ஒண்ணு, தண்டு மண்ணுல இருந்து கிளம்புற இடம் ஒண்ணுன்னு நாலு எடுங்க. பேர் தெரிஞ்ச உடனே தொட்டியிலயே பெயின்ட்ல எழுதிடுங்க, எங்க வளவுல இப்ப இருபத்திரெண்டு தொட்டியிலயும் எழுதியாச்சு, டைஃபன்பேக்கியா மட்டும் மாடிக்குப் போயிடுச்சு.