வழியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்: அறிமுகமில்லாத பெருநகரில் பதின்வயதினரோடு பாதுகாப்பாகச் சுற்றுவது எப்படி?

சிறு குழந்தையோடு புதிய நகரத்துக்குப் போகிறவர்கள் அதன் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை கையைத் தராது, தரவேண்டியதும் இல்லை. பத்தடி முன்னால் நடக்கும், அல்லது கைபேசியைப் பார்த்தபடி பத்தடி பின்னால் வரும். பெரியவர்கள் வழி கண்டுபிடிப்பதிலேயே மூழ்கியிருக்க, எந்த நிலையத்தில் ஏறினோம், எந்தத் தெருவில் தங்கியிருக்கிறோம் என்பதைக்கூட அறியாமல் அது கூடவே வந்துவிடும். நாள் முழுவதும் அப்படி வந்த பிள்ளை, கூட்டத்தில் ஐந்து நிமிடம் பிரிந்தால் திகைத்து நின்றுவிடும்.

நீங்கள் அருகில் இல்லாதபோதும் தங்குமிடத்துக்குத் திரும்பத் தெரிந்த பிள்ளைதான் பாதுகாப்பான பிள்ளை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான். முதல்முறையாகப் பிள்ளைகளை ஒரு பெருநகருக்கு அழைத்துப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன் வரைபடத்தோடு ஒரு மணி நேரம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். வரைபடத்தைத் திறந்து, முதலில் தங்குமிடத்தைக் குறியுங்கள். பிறகு அதற்கு மிக அருகில் உள்ள ரயில் அல்லது மெட்ரோ நிலையம், அந்த நிலையத்தின் வழியாகச் செல்லும் தடங்களின் பெயர், நிறம். நகரத்தின் ஆறு, கடற்கரை, உயரமான கோபுரம் போன்ற ஒன்றிரண்டு பெரிய அடையாளங்கள் தங்குமிடத்துக்கு எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு இவ்வளவு போதும். முழு நகரத்தையும் மனப்பாடம் செய்ய முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது.

மெட்ரோ வரைபடம் நிலப்படம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான வரைபடம், தூரங்களைப் பொருட்படுத்தாமல் தடங்களை நேர்கோடுகளாக்கிக் காட்டியது. இன்று உலகின் பெரும்பாலான மெட்ரோ வரைபடங்கள் அந்தப் பாணியில்தான் இருக்கின்றன. அந்த வரைபடத்தில் மற்ற நிலையங்களைப் போலவே இடைவெளி விட்டுத் தெரியும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே உண்மையில் 300 மீட்டர்கூட இல்லை. நடந்தே போய்விடலாம். தடங்களை அறிய மெட்ரோ வரைபடம், தூரத்தை அறியத் தெருப்படம் என்று இரண்டையும் பார்க்கப் பழக்குங்கள்.

தெருப்படத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி ஒவ்வொரு கைபேசியிலும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கூகுள் மேப்ஸில் இணையம் இல்லாமல் பேருந்து, ரயில் வழிகளோ நடைவழியோ கிடைக்காது. ஆகவே மெட்ரோ வரைபடத்தைத் தனியே ஒரு படமாகச் சேமித்து வையுங்கள்.

படி 2: கைபேசியையும் சட்டைப்பையையும் தயார் செய்தல்

உள்ளூர் அவசர எண்ணை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்தியாவிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. இப்படிச் சில நாடுகளில் எண்கள் பிரிந்திருக்கும் என்பதால் போகும் நாட்டின் எண்ணை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்புத் திரை வரும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் மின்பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். உண்மையான அழைப்பு போய்விடாமல், அமைப்புகளில் அது எப்படி இயங்குகிறது என்று படித்துப் பாருங்கள். பூட்டிய திரையிலேயே தெரியும்படி ஒவ்வாமை, மருந்துகள், தொடர்புகொள்ள வேண்டியவரின் எண் ஆகியவற்றைப் பதிந்துவையுங்கள். *#06# என்று அழுத்தினால் அந்தக் கைபேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வரும். கைபேசி திருட்டுப்போனால் புகார் கொடுக்க அது உதவும் என்பதால் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

குடும்பத்துக்குள் இருப்பிடப் பகிர்வை இயக்கிக்கொள்வது நல்லது. அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பெரியவர்களின் இருப்பிடமும் பிள்ளைக்குத் தெரியட்டும். இருபக்கமும் தெரிந்தால் அது ஒற்று பார்ப்பதாகத் தோன்றாது. ஆனால் சுரங்கத்தில் சிக்னல் போகலாம், பேட்டரி தீரலாம், கைபேசியே தொலையலாம். எனவே ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு சிறு தாள் இருக்கட்டும். அதில் தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் உள்ளூர் எழுத்தில், பெரியவர்களின் எண் நாட்டுக் குறியீட்டுடன். கூடவே தங்குமிடத்துக்குத் திரும்பப் போதுமான கொஞ்சம் பணம். தங்குமிடத்தில் தரும் முகவரி அட்டை இருந்தால், அதிலேயே பெரியவர்களின் எண்ணை எழுதிக்கொள்ளலாம்.

படி 3: பிரிந்துவிட்டால் என்ன செய்வது?

மற்ற எதைத் தவிர்த்தாலும் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். பெருநகரில் குடும்பங்கள் பிரிவது பெரும்பாலும் யாரும் கடத்துவதால் அல்ல. ரயில் கதவு மூடிவிடுவதால். ஒருவர் ஏறிவிடுகிறார், மற்றவர் நடைமேடையில் நிற்கிறார். இருவரும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பினால் மணிக்கணக்காகத் தவறவிட்டுக்கொண்டே இருக்கலாம். யார் நிற்பது, யார் நகர்வது என்பது முன்பே முடிவாகியிருந்தால் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடலாம்.

நான் பரிந்துரைக்கும் விதி இது. ரயிலில் போய்விட்டவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நடைமேடையில் நிற்க வேண்டும். நடைமேடையில் விடப்பட்டவர் அதே தடத்தில் வரும் அடுத்த ரயிலில் ஏறி அங்கே வர வேண்டும். போனவர் திரும்பி வரக் கூடாது. விடப்பட்டவர் வெளியே போகக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நடைமேடைக்கு வெவ்வேறு தடங்களின் ரயில்கள் வரும் நகரங்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலும், சிலவற்றைத் தாண்டிச் செல்லும் விரைவு ரயிலும் உண்டு. அத்தகைய இடத்தில் அடுத்து வரும் ரயில் அந்த நிலையத்தில் நிற்காமலே போகலாம். எனவே, ஏறும்போது ரயிலின் முகப்பில் உள்ள எண்ணையோ எழுத்தையோ, அது போய்ச்சேரும் இடத்தையோ எல்லோரும் பார்த்துவைக்கும் பழக்கம் வேண்டும். நடைமேடையில் விடப்பட்டவர் இளையவராக இருந்து, எந்த ரயில் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், அவர் நகரவே வேண்டாம். அங்கேயே நிற்கட்டும், பெரியவர் திரும்பி வருவார். இந்த ஒரு விதிவிலக்கை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தெருவிலோ அருங்காட்சியகத்திலோ கடைத்தொகுதியிலோ பிரிந்தால் விதி இன்னும் எளிது. உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் தெரியும் ஓர் இடத்தைச் சந்திப்பிடமாகச் சொல்லிவிடுங்கள். ‘வாசலில்’ என்று சொல்லாதீர்கள், பெரிய கட்டடத்துக்குப் பல வாசல்கள் இருக்கும். தகவல் மேசை, மணிக்கூண்டு, குறிப்பிட்ட சிலை என்று ஒன்றே ஒன்றான பொருளைச் சொல்லுங்கள். முதல் ரயில் பயணத்துக்கு முன், நடைமேடையில் நின்றபடியே, “இப்போது கதவு மூடிவிட்டது, நீ உள்ளே இருக்கிறாய், என்ன செய்வாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். பதில் தடையில்லாமல் வந்தால் போதும்.

படி 4: முன்னால் நடக்கவிடுங்கள்

முதல் நாள் நீங்கள் வழி காட்டுங்கள். இரண்டாம் நாள் முதல் அன்றைய ஒரு பயணத்தை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எந்தத் தடம், எந்தத் திசை, எங்கே மாறுவது, எந்த வெளிவாசல் என்று எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் பின்னால் போங்கள். தவறான திசை ரயிலில் ஏறினாலும் வாயை மூடிக்கொண்டு கூடவே ஏறுங்கள். இரண்டு நிலையம் போனபின் தானே கண்டுபிடித்து இறங்கித் திரும்பும் பிள்ளை, திசை பார்ப்பதை இனி மறக்காது. நேரத்துக்குப் போயாக வேண்டிய இடமானால் மட்டும் இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுங்கள். பல நகரங்களில் திசையை ‘கிழக்கு, மேற்கு’ என்று எழுதமாட்டார்கள். தடத்தின் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் எழுதுவார்கள். நியூயார்க்கின் சில நிலையங்களில் இரு திசைகளுக்கும் தனித்தனி வாசல். தவறான வாசலில் நுழைந்தால் உள்ளே மறுபக்கம் போக முடியாது. அட்டையை வாசலில் உள்ள கருவியில் தொட்டு நுழையும் முறை உள்ள ஊர்களில், ஆளுக்கொரு அட்டை வேண்டியிருக்கலாம். வெளியேறும்போதும் தொடவேண்டிய ஊர்களில், நுழையப் பயன்படுத்திய அதே அட்டையைத்தான் தொட வேண்டும். லண்டனில் ஒரே வங்கிக் கணக்கானாலும் அட்டையும் கைபேசியும் இரண்டு தனிக் கணக்குகள். ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறினால் கூடுதல் கட்டணம் பிடிக்கும். தாள் டிக்கெட்டானால் வெளியே வரும்வரை எறியக் கூடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பான குரலில் சொல்லுங்கள். தண்டவாளத்தில் கைபேசி விழுந்தாலும், பணப்பை விழுந்தாலும், இறங்கக் கூடாது. பல மெட்ரோக்களில் ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் 600 முதல் 750 வோல்ட் வரை பாய்கிறது. ரயில் வராவிட்டாலும் அது கொல்லும். ஊழியரிடம் சொன்னால் எடுத்துத்தர வழி இருக்கும்.

படி 5: தெருவில்

வாகனங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதுதான் முதல் ஆபத்து. நீங்கள் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடும் நாட்டில், பழக்கம் உங்களைத் தவறான பக்கம் பார்க்கவைக்கும். லண்டனில் பல கடப்பிடங்களில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தரையிலேயே எழுதியிருப்பது இதற்காகத்தான். இருபக்கமும் பார்த்து, பிறகு மீண்டும் முதல் பக்கம் பார்த்துவிட்டுக் கடக்கட்டும். காதில் பாட்டு ஓடும்போது கடக்கக் கூடாது. மிதிவண்டிப் பாதையும் சாலைதான்.

கைபேசித் திருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பதின்வயதினரின் கையில் எப்போதும் இருப்பது அதுதான். சாலையோரம் நின்று வரைபடம் பார்ப்பவரிடமிருந்து இருசக்கர வாகனத்தில் வந்து பறிப்பார்கள். ரயிலில் கதவருகே இருக்கையில் இருப்பவரிடமிருந்து, கதவு மூடும் கணத்தில் பறித்து இறங்கிவிடுவார்கள். வழி பார்க்க வேண்டுமானால் கடைவாசலுக்குள்ளோ சுவரோரமோ ஒதுங்கிப் பார்க்கப் பழக்குங்கள். பணப்பை பின்பையில் வேண்டாம். கூட்டத்தில் முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளட்டும்.

கவனத்தைத் திருப்பும் தந்திரங்களுக்குப் பிள்ளைகளும் இலக்காகலாம். மனுவில் கையெழுத்து கேட்பவர், கையில் நூல் கட்டிவிட்டுப் பணம் கேட்பவர், சட்டையில் கறை என்று துடைக்க வருபவர். பிள்ளைகள் மரியாதையாகப் பதில் சொல்ல நின்றுவிடுகிறார்கள். நிற்காமல், கண்ணைப் பார்க்காமல், ஒரு ‘வேண்டாம்’ சொல்லிவிட்டு நடப்பது அவமரியாதை ஆகாது என்று முன்பே சொல்லிவையுங்கள். யாராவது பறித்தே விட்டால் துரத்தக் கூடாது, இழுபறி கூடாது. பொருள் போகட்டும்.

படி 6: தனியே விடும் நேரம்

ஒரு கட்டத்தில், “நாங்கள் மட்டும் போய்வருகிறோம்” என்பார்கள். பகல் வேளையில், ஏற்கெனவே உங்களோடு நடந்த பகுதியில் இதற்குச் சம்மதியுங்கள் என்பேன். எல்லையைத் தெருப்பெயரோடு சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்பதையும் சொல்லுங்கள். தாமதமானால் ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அதற்காகத் திட்டு விழாது. இருவராகப் போனால் இருவராகவே திரும்ப வேண்டும். இந்த விதிக்கு விலக்கே இல்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதின்வயதினர் கூடுதலாகத் துணிந்துவிடுவதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது எல்லையைச் சற்றுச் சுருக்குவது தவறல்ல.

குடும்பத்துக்குள் ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அந்தச் சொல்லை அனுப்பினால் நீங்கள் உடனே அழைத்து, “இப்போதே வா” என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உடன் இருப்பவர்கள் முன் தலைகுனியாமல் விலகிவர அது ஒரு கதவு. ஏன் என்று அன்றே துருவிக் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை அந்தச் சொல் வராது.

வாடகைக் காருக்கான செயலிகள் பலவற்றில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெரியவர் துணையின்றிப் பயணிக்க அனுமதி இல்லை; முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும் முன் வண்டி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். “இன்னாருக்காகத்தானே வந்திருக்கிறீர்கள்?” என்று பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது, “யாருக்காக வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு, பெயரை ஓட்டுநர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். ஏறியபின் பயண விவரத்தை உங்களுக்குப் பகிரட்டும்.

வழி தவறினால் யாரிடம் கேட்பது?

தானாக உதவ வருபவரைவிட, பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக் கேட்பவர் நம்பகமானவராக இருக்க வாய்ப்பு அதிகம். சீருடை அணிந்த நிலைய ஊழியர், பேருந்து ஓட்டுநர், கடையில் கல்லாவில் இருப்பவர், குழந்தைகளோடு வரும் குடும்பம் ஆகியோரிடம் கேட்கலாம். யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால், தோன்றியது சரியா என்று ஆராயாமல், வெளிச்சமும் ஆட்களும் உள்ள கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். ரயிலில் அப்படித் தோன்றினால் அடுத்த நிலையத்தில் பெட்டி மாறலாம். கடைக்குள் போனதும் அங்கிருந்து உங்களை அழைக்கட்டும். நீங்கள் வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம்.

அன்றிரவு தங்குமிடம் திரும்பியதும் கைபேசிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு, நாளைய முதல் பயணத்துக்கு வழி பார்க்க வேண்டியவர் யார் என்பதை முடிவுசெய்து, அவரிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.