மைலேஜ் குறைந்ததா? வீல் பேரிங் மேல் பழி போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூட்ரலில் விட்டால் கார் முன்பு போல உருளவில்லை, மைலேஜும் இறங்கிவிட்டது என்றதும் வீல் பேரிங் (சக்கரம் லேசாகச் சுழல உதவும், உள்ளே குண்டுகளோ உருளைகளோ கொண்ட வளையம்) வாங்கக் கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு. 1,200 கிலோ காரில் டயர்கள் மட்டுமே சுமார் 120 நியூட்டன் அளவுக்கு உருளலைத் தடுக்கின்றன. நல்ல பேரிங்கின் பங்கு அதற்கு முன் சொற்பம். தேய்ந்த பேரிங்கும் மைலேஜைத் தின்பதற்கு வெகு முன்பே காதில் விழுந்துவிடும். ஆகவே முதலில் காற்றழுத்தம், அடுத்து பிரேக், அப்புறம்தான் பேரிங்.

பத்து, பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு வீல்களுக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருக்கிறதா? காலிப்பரை (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் குற்றவாளி பிரேக்; பெரும்பாலும் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். அப்போதும் கரகரத்தால் பேரிங். சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங்கில் விரல் வைத்துக்கொண்டு சுற்றினால் அந்தக் கரகரப்பு விரலுக்கே தெரியும்.

இரண்டும் சேர்ந்தும் வரும். பேரிங்கில் ஆட்டம் விழுந்தால் டிஸ்க்கும் ஆடும், ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசும். பேரிங் மைலேஜைத் திருடுவது பல நேரம் இந்தக் கொல்லைப்புற வழியாகத்தான். திருப்பத்துக்குப் பின் முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்குவதும் இதன் அடையாளம்: ஆடும் டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இன்றைய ஹப் (வீல் பொருத்தப்படும் நடுப்பகுதி) பேரிங்குகள் ஆட்டமே இல்லாமலும் உறுமும். இடப்பக்கம் திரும்பும்போது உறுமல் கூடினால் பொதுவாக வலப்பக்க பேரிங்; எடை அங்கேதான் சாய்கிறது. மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் இதே சத்தம் போடும். டயரை முன்பின் மாற்றிப் பாருங்கள், சத்தமும் கூடவே இடம் மாறினால் பேரிங்கை விட்டுவிடலாம்.

உருளும் தூரத்தை அளப்பவர்கள் ஒரே பக்கமாக ஓட்டி ஏமாறுகிறார்கள். காற்றும், கண்ணுக்குத் தெரியாத சரிவும் கணக்கைக் கெடுக்கும். வண்டி சூடான பின், ஆளில்லாத சமதளத்தில், அதே வேகத்திலிருந்து இரு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள். (சோதனைக்கு நியூட்ரல் சரி, இறக்கத்தில் வேண்டாம். கியரில் இறங்கும்போது இன்ஜெக்ஷன் இன்ஜின் எரிபொருளையே நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில் ஐட்லிங்குக்குக் குடிக்கும்.)

பேரிங்கை மாற்றும்போது நடக்கும் தவறுகள்தான் புது பேரிங்கையும் இறுக்கமாக்குகின்றன. சுத்தியலால் அடித்து ஏற்றினால் பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகள் அவை ஓடும் தடத்தில் குழி பதிக்கும். பிரஸ்ஸில் (அழுத்தி ஏற்றும் இயந்திரம்) ஏற்றினாலும், நக்கிளில் (பேரிங்கும் ஹப்பும் உட்காரும் தாங்கி) ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். ஆக்சில் நட் புதிதாக இருக்கட்டும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். அதற்கு முன் வீலைத் தரையில் இறக்கி எடை ஏற்றாதீர்கள்.

பழைய டேப்பர் ரோலர் (கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்) வகையில் "நல்லா டைட் வெச்சாச்சு" என்பதே வினை. வீலைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் முடிந்த அளவுக்கு மட்டும் இறுக்கி, நட் கழலாமல் பிடிக்கும் கோட்டர் பின் போடுங்கள். பின் துளை பொருந்தாவிட்டால் தளர்த்தித்தான் பொருத்த வேண்டும், இறுக்கி அல்ல. கிரீஸை ரோலர்களுக்கிடையே நன்றாக ஏற்றுங்கள். ஹப்புக்குள் இருக்கும் காலி இடத்தை முழுக்க அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறி சீல் வழியே கக்கும்.

ஏபிஎஸ் வண்டியில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே, வீல் வேகத்தை சென்சார் படிப்பதற்கான காந்த வளையம் இருக்கலாம். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காமல் திரும்பிவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி பிரஸ்ஸில் பிரித்தால் அந்தப் புது பேரிங்கும் வீண்.