கோசாய்குண்டம் ஏரிக்கு நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தில் காட்மாண்டுக்கு வடக்கே, லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள் 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோசாய்குண்டம். ஆலகால விஷத்தை உண்ட சிவன், தொண்டை எரிச்சல் தணிய மலையைச் சூலத்தால் குத்தி வரவழைத்த தண்ணீர் அது என்பது ஐதீகம். பெரும்பாலும் நம் ஆவணி அவிட்டத்தன்று வரும் பௌர்ணமியை அங்கே ஜனை பூர்ணிமா என்கிறார்கள். அன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஏரியில் நீராட ஏறுகிறார்கள். அவர்களில் பலர், உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோயில் விழுவதற்குக் காரணம் அவசரம்தான்.

நடை தொடங்கும் துன்சே ஊர் சுமார் 2,000 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து திடமான ஆள் முதல் நாள் சந்தன்பாரி (3,330), மறுநாளே ஏரி என்று போய்விட முடியும். அப்படிப் போகாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவக் கணக்கு. சந்தன்பாரியில் இரண்டு இரவு, லவுரிபினாவில் (சுமார் 3,900) ஓர் இரவு, அப்புறம் ஏரி. லவுரிபினா அந்தக் கணக்கைச் சற்றே மீறுவதால்தான் கீழே கூடுதல் இரவு. தினமும் ஓடிப் பழகிய உடம்பு என்றாலும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால் வேகமாக ஏற முடிகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் வெயிலில் நடந்ததால் என்று சமாதானம் சொல்லி, மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது அடுத்த தவறு. சரியாகும்வரை அங்கேயே தங்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது, மற்றவர்கள் பயணம் கெடுமே என்று பலர் வாயைத் திறப்பதில்லை. தினமும் மாலையில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். ராத்திரி என்று பார்க்காமல், துணையோடு உடனே கீழே இறக்குங்கள். மலைநோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஏரியை எட்டியதும், களைத்த உடம்போடு மாலைக் குளிரில் முங்குவதும் வேண்டாம். மறுநாள் வெயில் ஏறியபின் குளிக்கலாம். முடியாதவர்கள் தலையில் மூன்று கை தெளித்துக்கொண்டாலும் தீர்த்தமாடியதுதான். பருத்தி உடை நனைந்தால் லேசில் காயாது. கம்பளியோ செயற்கை இழையோ மாற்றுக்கு இருக்கட்டும்.

கடைசியாக, வழி தவறுவது. 1991 டிசம்பரில் இந்தப் பகுதியில் பனியில் வழி தவறிய ஜேம்ஸ் ஸ்காட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர் 43 நாள் கழித்தே மீட்கப்பட்டார். தனியாகப் போகாதீர்கள். பனி தடத்தை மறைக்கத் தொடங்கினால், கடைசியாகத் தாண்டிய விடுதிக்கே திரும்புங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். இந்த மலைகளில் ஓடைகள் செங்குத்துப் பாறைகளில் போய் விழும்.