தோட்டப்புறப் பள்ளியின் இணையத்தளத்தில் கீழ்விரி பட்டியல் அமைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு இணையத்தளம் அமைப்பவர், தலைப்பைத் தொட்டால் கீழே விரியும் பட்டியலுக்குள் எவற்றை வைக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் வேலை முடிந்து வந்து, கைப்பேசியில் முதலாம் ஆண்டுப் பதிவு பற்றித் தேடும் தாயின் கண்ணுக்கு, மூடியிருக்கும் பட்டியலின் உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே பதிவு, பள்ளி விடுமுறை, தொடர்பு எண் ஆகிய மூன்றையும் முகப்பிலேயே வெளிப்படையாக வைத்துவிட்டு, எஞ்சியவற்றுக்கு மட்டும் பட்டியலைப் பயன்படுத்துங்கள். மொழித் தெரிவையும் அதற்குள் மறைக்க வேண்டாம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பக்கம் பக்கமாக, அந்தந்த மொழியின் எழுத்திலேயே நிற்கட்டும்.

பட்டியல் சொடுக்கினால்தான் திறக்க வேண்டும். சுட்டியை மேலே கொண்டுசென்றதும் தானாக விரியும் பட்டியல் தொடுதிரைக்குப் பொருந்தாது. கணினியிலும் அது தொல்லைதான். 'நிகழ்ச்சிகள்' என்பதன் மீது சுட்டியை வைத்ததும் வலப்புறம் ஓர் உள்பட்டியல் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியிலுள்ள 'விளையாட்டுப் போட்டி'யை நோக்கி நாம் இயல்பாகக் குறுக்கே நகர்த்தும்போது, வழியிலுள்ள 'பாடத்திட்டம்' மீது சுட்டி சற்றே பட்டாலும் உள்பட்டியல் மாறிவிடுகிறது. நேரே வலப்புறம் சென்று, பிறகு கீழே இறங்கினால்தான் தப்பலாம். கை நடுங்கும் முதியவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று. எனவே ஓர் அடுக்குக்கு மேல் போகாதீர்கள். சுட்டி பட்டதும் விரிய வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தினால், ஏறத்தாழ அரை விநாடி தாமதம் கொடுங்கள். இணையத்தளங்களை எல்லாரும் பயன்படுத்த உதவும் நெறிமுறையான டபிள்யூசிஏஜி (WCAG), 2018-இல் வெளிவந்த 2.1 பதிப்பில் கேட்பதுபோல, விரிந்த பகுதிக்குள் சுட்டி சென்றாலும் அது மூடாமல் நிற்கவும், எஸ்கேப் விசையால் மூடவும் வழிசெய்யுங்கள்.

தலைப்பு ஒன்றே பக்கத்தையும் திறந்து பட்டியலையும் விரிக்குமானால், தட்டியவருக்கு என்ன நடக்கும் என்பது புரியாது. தலைப்பைப் பட்டனாக அமைத்து, விரிப்பதற்கு மட்டும் பயன்படுத்தி, அதற்குரிய பக்கத்தை உள்ளே முதல் வரியாக வையுங்கள். பட்டனாக இருந்தால் டேப், என்டர் விசைகளாலும் இயக்கலாம். ஏரியா-எக்ஸ்பாண்டட் (aria-expanded) என்ற பண்பைப் பட்டனின் நிரலில் சேர்த்தால், பட்டியல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைத் திரைவாசிப்பான் பார்வையற்றவருக்குச் சொல்லும்.

தமிழ் எழுத்துக்கு இங்கே தனிக் கவனம் தேவை. ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு செய்த வார்ப்புருக்களில் வரியின் உயரம் குறைவாக இருந்தால், 'வீ', 'தூ' போன்றவற்றின் மேற்கொம்போ கீழ்ச்சுழியோ வெட்டுப்படும். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். 'பெற்றோர் ஆசிரியர் சங்கம்' போன்ற நீண்ட பெயரைப் புள்ளிகளிட்டுப் பாதியில் நிறுத்தாமல், இரண்டாம் வரிக்கு மடங்க விடுங்கள். 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 தொடுமிடத்துக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி பரிந்துரைக்கும் 48 அளவே உழைத்துத் தடித்த விரல்களுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

அமைத்து முடித்ததும், பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு பெற்றோரிடம் அவருடைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து, சிற்றுண்டிச்சாலையின் உணவுப் பட்டியலைத் தேடித் தரும்படி கேளுங்கள். வழிகாட்டாமல் பாருங்கள். அவருடைய விரல் முதலில் எந்தத் தலைப்பைத் தொடுகிறதோ, அதன் கீழேயே அந்தச் செய்தியை மாற்றி வையுங்கள்.