ஆண்களைக் குறிக்கும் பேச்சுவழக்கு ஆங்கிலச் சொற்கள்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

பாடநூல் வழியாக ஆங்கிலம் கற்றவருக்கு ஆண்களைக் குறிக்க 'மேன்', 'பாய்' என்னும் இரு சொற்களே பெரும்பாலும் கைவசம் இருக்கும். லண்டனிலோ சிட்னியிலோ நியூயார்க்கிலோ நண்பர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் கய் (guy), ப்ளோக் (bloke), சாப் (chap), மேட் (mate), ட்யூட் (dude), ப்ரோ (bro) எனப் பல சொற்கள் காதில் விழும். அகராதி இவற்றுள் பலவற்றிற்கும் 'ஆள்' என்றே பொருள் தருவதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாம் என்று தோன்றலாம். ஆனால் அவ்வாறு செய்ய இயலாது.

முதல் படி: ஒருவரைப் பற்றிப் பேசுகிறீர்களா, அவரையே விளிக்கிறீர்களா என்பதை முடிவு செய்யுங்கள். தமிழ் இலக்கணம் விளியைத் தனி வேற்றுமையாகவே வைத்திருப்பதால், இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. 'தட் கய் இஸ் மை நெய்பர்' என்று படர்க்கையில் சொல்வது முற்றிலும் இயல்பானது. ஆனால் எதிரே நிற்கும் ஒருவரைக் 'கய்' என்று அழைப்பது வழக்கமன்று. அதே சொல் பன்மையில் 'கய்ஸ்' ஆகும்போது விளியாகிவிடுகிறது. அப்போது ஆண்களும் பெண்களும் கலந்த குழுவையும் அது உள்ளடக்கும். இதை விரும்பாத பெண்களும் உண்டு என்பதால், அலுவலகக் கூட்டங்களில் 'எவ்ரிஒன்' என்று தொடங்குவதே நல்லது. 'ப்ளோக்' என்பதைப் படர்க்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'மேட்', 'ட்யூட்' ஆகியவை இரண்டிற்கும் பொருந்தும். 'ப்ரோ' பெரும்பாலும் விளியாகவே வரும்.

'கய்' என்னும் சொல்லின் வரலாற்றை அறிந்தால் அது மனத்தில் நன்கு பதியும். 1605 நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்ற சதியில் கய் ஃபாக்ஸ் என்பவர் பிடிபட்டார். அதன் நினைவாக ஆண்டுதோறும் எரிக்கப்பட்ட கந்தல் உடைப் பொம்மைக்கு அவர் பெயரே வழங்கியது. பின்னர் அலங்கோலமாக உடுத்தியவரைக் குறித்த அச்சொல், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எந்த ஆணையும் குறிக்கும் பொதுச்சொல்லாக மாறியது. எள்ளலாகப் பிறந்த ஒரு சொல் இவ்வளவு நட்பான சொல்லாக மாறியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இரண்டாம் படி: இடத்தைப் பாருங்கள். ப்ளோக் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரியது. அமெரிக்கர் ஒருவர் அதைச் சொன்னால் வேண்டுமென்றே பிரிட்டிஷ் பாணியில் பேசுவதாகத் தோன்றும். சாப் பிரிட்டனில் சற்றே பழைய தலைமுறையின் மணம் உடையது. 1880களில் நியூயார்க்கில் பகட்டாக உடுத்தும் இளைஞனைக் கேலி செய்யப் பயன்பட்ட ட்யூட், இன்று அமெரிக்க இளைஞர்களின் அன்றாட விளியாக இருக்கிறது. 'ஃபெலோ' பற்றி நமக்குத் தனி எச்சரிக்கை தேவை: இந்திய ஆங்கிலத்தில் 'தட் ஃபெலோ' என்பது பெரும்பாலும் மதிப்புக் குறைவாகவே ஒலிக்கிறது, பிரிட்டனிலோ அதில் அந்த இகழ்ச்சி இருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உறவையும் குரலையும் கவனியுங்கள். 'மை மேட்' என்றால் என் நண்பன். ஆனால் ஆஸ்திரேலியாவில் முன்பின் அறியாத கடைக்காரரும் உங்களை 'மேட்' என்று அழைப்பார். அதே சொல்லைக் குரலை இறுக்கிச் சொன்னால் சண்டைக்கான முன்னறிவிப்பாகவும் ஆகும். மேலாளர், பேராசிரியர், மருத்துவர் ஆகியோரிடம் நீங்களாக இச்சொற்களைத் தொடங்க வேண்டாம்.

நான்காம் படி: 'பாய்' என்னும் சொல்லை மிகுந்த கவனத்துடன் கையாளுங்கள். தமிழில் இருபத்தைந்து வயது இளைஞரையும் 'நல்ல பையன்' என்று அன்போடு சொல்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோனால் பொருள் பிறழும். அமெரிக்காவில் அடிமை முறைக் காலத்திலும் அதன் பின்னரும் வயதுவந்த கறுப்பின ஆண்களை இழிவுபடுத்த வெள்ளையர்கள் பயன்படுத்திய விளி இது. 1968இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 'ஐ ஆம் எ மேன்' என்னும் பதாகைகளை ஏந்தி நின்றதன் பின்னணியில் இந்த அவமதிப்பும் இருந்தது. எனவே வளர்ந்த எவரையும் 'பாய்' என்று விளிக்காதீர்கள். இளைஞரைப் பற்றிச் சொல்ல 'யங் மேன்' போதும்.

ஐந்தாம் படி: இந்த வாரம் ஓர் ஆங்கில நேர்காணலைக் கேட்டு, இச்சொற்கள் வரும் வாக்கியங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் படர்க்கையா விளியா, பேசுபவர் எந்த நாட்டவர் என்று குறியுங்கள். பின்னர் 'கய்' என்னும் ஒரே சொல்லைப் படர்க்கையில் வைத்து நீங்களே வாக்கியங்கள் அமைத்து, அது நாவில் தடையின்றி வந்த பிறகு அடுத்த சொல்லுக்குச் செல்லுங்கள்.