கேஸ் கீசர் பற்றவில்லையா? முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

பேட்டரியில் இயங்கும் கேஸ் கீசர் பற்றவில்லை என்றால், மெக்கானிக்கை அழைக்கும் முன் வெந்நீர்க் குழாயை முழுவதும் திறந்து, 'டிக் டிக்' என்ற பொறிச் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரின் அழுத்தம் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளி ஒரு சிறு சுவிட்சை இயக்கிய பிறகே பொறி தெறித்து கேஸ் வால்வு திறக்கும். தீ பற்றியதைச் சென்சார் கம்பி சில விநாடிகளுக்குள் உணராவிட்டால், வால்வு தானாகவே மூடிக்கொள்ளும்.

ஆகவே சத்தமே இல்லையென்றால், குறை பெரும்பாலும் 1.5 வோல்ட் பேட்டரிகளிலோ நீர்வரத்திலோதான் இருக்கும். கடலூர், புதுச்சேரியின் கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு பேட்டரி முனைகளில் பச்சை பூத்துவிடுவதுண்டு. பேட்டரியைக் கழற்றி, முனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும். சத்தம் வந்தும் தீ பிடிக்காவிட்டால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பாருங்கள். பற்றிய உடனே அணைந்தால் சென்சார் கம்பியில் கரி படிந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள மேல்தள வீடுகளில் நீரழுத்தமே போதாமல் இருக்கலாம் என்பதால், அங்கே பேட்டரி மாற்றிப் பயனில்லை. கேஸ் வாடை அடித்தால் இந்தச் சோதனையையே செய்யாமல், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.