பசுங்கணிகப் புரத இறக்குமதி: சேப்பரோன் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாயைப் பனிக்கட்டியில் வைக்க மறப்பது, ஜெல்லில் மாதிரிகளை மாற்றி ஏற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஜெல்லே காட்டிக்கொடுத்துவிடும். பட்டை அழகாக விழுந்து, அதிலிருந்து எடுக்கும் முடிவு மட்டும் பொய்யாகிப்போகும் தவறுகள்தான் ஆபத்தானவை. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் எங்கள் காலத்துப் பிழைகளை அப்படியே மறுபடி செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக: பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) சுமார் 3000 புரதங்களில் அதன் சொந்த மரபணுத்தொகுதி தருவது மிகச் சிலவற்றையே. மற்றவை சைட்டோசோலில் (செல்லின் திரவப் பகுதியில்) உருவாகி, முனையில் டிரான்சிட் பெப்டைடு என்ற முகவரித் துண்டுடன் ‘முன்னோடிப் புரதமாக’ வந்து, வெளிச்சவ்வில் டாக், உட்சவ்வில் டிக் என்ற வாயில்களைக் கடக்கின்றன. உள்ளே போனதும் அந்தத் துண்டு வெட்டப்படும். அவற்றை உள்ளே இழுப்பதாகக் கருதப்படும், ஸ்ட்ரோமாவில் (பசுங்கணிகத்தின் உட்திரவத்தில்) இருக்கும் சேப்பரோன்கள், அதாவது மற்றப் புரதங்களைக் கையாளும் துணைப் புரதங்கள்: எச்எஸ்பி70, எச்எஸ்பி93, எச்எஸ்பி90சி. மூன்றுமே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழிப்பவை. சோதனையில், பிரித்தெடுத்த பசுங்கணிகங்களோடு முன்னோடிப் புரதத்தைக் கலந்து, உள்ளே போனதை ஜெல்லில் பட்டையாகப் பார்க்கிறோம்.

‘ஏடிபி இல்லை’ என்று எழுதிய குழாயில் ஏடிபி இருப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவர் ஜெல் படம் கொண்டுவந்தார். ஏடிபி சேர்க்காத வரிசையிலும் டிரான்சிட் பெப்டைடு வெட்டப்பட்ட அளவில் ஒரு பட்டை. வெளியே இருக்கும் புரதத்தைச் சிதைக்கும் தெர்மோலைசின் நொதியாலும் அது கரையவில்லை, அதாவது உள்ளே போயிருக்கிறது. ‘இந்தப் புரதத்துக்கு ஸ்ட்ரோமா சேப்பரோனே தேவையில்லை’ என்று எழுதிவைத்து, அதை நம்பி அடுத்த கட்டத்துக்கான மாற்றுருக்களையும் கட்டத் தொடங்கியிருந்தார். “மொழிபெயர்ப்புச் சாற்றை உப்பு நீக்கினாயா?” என்றேன். இல்லை. “வினை எங்கே நடந்தது?” ஜன்னலோரத் தண்ணீர்த்தொட்டியில். உப்பு நீக்கி, இருட்டில் மறுபடி செய்தபோது பட்டை காணாமல் போனது. பல மாத வேலை அதோடு போனது.

ஏடிபி மூன்று வழிகளில் வந்து சேரும். முதலாவது, முன்னோடிப் புரதத்தை உண்டாக்கும் மொழிபெயர்ப்புச் சாறான கோதுமை முளைச் சாறோ ரெட்டிகுலோசைட் சாறோ தன்னுடைய ஏடிபியோடு வருகிறது. போதாததற்கு, அதைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் கைனேஸும் வேறு. இரண்டாவது வெளிச்சம்: ஒளிபாஸ்பேட்டாக்கம் நீங்கள் கேட்காமலே நடக்கும். மூன்றாவதைப் பலரும் மறப்பார்கள்: இருட்டிலும், சேமித்த ஸ்டார்ச்சைச் சிதைத்துப் பசுங்கணிகம் கொஞ்சம் ஏடிபி செய்துகொள்ளும்.

இந்தக் ‘கொஞ்சம்’ ஏன் பெரிய விஷயம்? சுமார் 100 மைக்ரோமோலார் இருந்தாலே முன்னோடிப் புரதம் வாயிலில் மாட்டி நிற்கும். முழுதாக உள்ளே போக 1 மில்லிமோலார் அளவு வேண்டும். ஆகவே மிச்ச ஏடிபி உங்களை இரண்டு விதமாக ஏமாற்றும். மாட்டி நிற்பதைப் பார்த்து ‘ஆற்றல் தேவைப்படாத பிணைப்பு’ என்பீர்கள்; உள்ளே போனதைப் பார்த்து ‘சேப்பரோன் தேவையில்லை’ என்பீர்கள். 2014-இல் ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற மாஸ் தாவரத்தில், ஸ்ட்ரோமா எச்எஸ்பி70-இன் கேஎம் மதிப்பை (அது பாதி வேகத்தில் இயங்கத் தேவையான ஏடிபி அளவை) மாற்றியபோது இறக்குமதிக்குத் தேவையான ஏடிபி அளவும் கூடவே மாறியது. இந்தச் சேப்பரோன் ஒரு மோட்டார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்தச் சான்று முழுக்க நிற்பது ஏடிபி அளவின் துல்லியத்தின்மேல்.

ஏடிபியைச் சிதைக்கும் ஏபைரேஸ் நொதியைப் போட்டால் போதும் என்பார்கள். போதாது. அது பசுங்கணிகத்தின் உறையைத் தாண்டாது. வெளியே இருப்பதை மட்டும் தின்னும். புரதத்தை உள்ளே கடத்தச் செலவாவது உள்ளே இருக்கும் ஏடிபி என்பது 1989-லேயே காட்டப்பட்டது. சாற்றைச் செஃபாடெக்ஸ் ஜி-25 என்ற உப்பு நீக்கும் பத்தி வழியே விடுங்கள்; ஏடிபி போன்ற சிறு மூலக்கூறுகள் பிரிந்துவிடும். பசுங்கணிகங்களை இருட்டில் வைத்து உள்ளிருப்பைக் குறையவிடுங்கள். ஒளிபாஸ்பேட்டாக்கத்தை நிறுத்த நைஜெரிசின் சேருங்கள், மைட்டோகாண்ட்ரியாவைப் போல இங்கே சவ்வு மின்னழுத்தம் தேவையில்லை என்பதால் இறக்குமதிக்குக் கேடு வராது. பிறகு அதே குழாயில் ஏடிபி சேர்த்தால் பட்டை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் ஏடிபியை நீக்கவில்லை, பசுங்கணிகத்தைக் கொன்றிருக்கிறீர்கள்.

வெளிறிய செடியைப் பச்சைச் செடியோடு குளோரோஃபில் அளவில் ஒப்பிடுவது

எச்எஸ்பி93 குறைந்த செடி வெளிறிப்போகும். சம அளவு குளோரோஃபில் எடுத்தால் வெளிறிய செடியின் பக்கம் பசுங்கணிகங்கள் அதிகமாக விழும். குறைபாடு கண்ணுக்கு மறைந்துவிடும். பசுங்கணிகங்களை எண்ணிச் சம எண்ணிக்கையில் போடுங்கள். இன்னொன்று: எச்எஸ்பி93-க்கு கிளிப்சி என்றும் பெயர் உண்டு. கிளிப் புரோட்டியேஸுக்குப் புரதங்களை அவிழ்த்து ஊட்டுவதும் இதுதான். எனவே இறக்குமதி குறைந்தது என்பதை மட்டும் வைத்து ‘இதுதான் இழுக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. நோய்ப்பட்ட பசுங்கணிகம் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்யும். குறைந்தபட்சம், வினை நேர்கோட்டில் ஏறும் முதல் சில நிமிடங்களிலாவது அளவெடுங்கள்.

உடைத்த பிறகு ஒட்டியதை, நுழையும்போது ஒட்டியதாக எண்ணுவது

மடியாத புரதம் எந்தச் சேப்பரோனைக் கண்டாலும் ஒட்டும். ஏற்கெனவே உடைத்த பசுங்கணிகத்தில் முன்னோடியைக் கலந்து ஒரு கன்ட்ரோல் போடாமல், ஆன்டிபாடி கொண்டு இழுத்த முடிவை என்னிடம் காட்டாதீர்கள்.

தெர்மோலைசினும் ஈடிடிஏவும்

தெர்மோலைசினுக்குக் கால்சியம் வேண்டும்; ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொள்ளும். பிரித்தெடுத்த கரைசலின் ஈடிடிஏ போகும்வரை கழுவுங்கள்.

சிபிஎன்60-ஐ மோட்டார் என்பது

அதுவும் ஸ்ட்ரோமா சேப்பரோன்தான்; ஆனால் அதன் வேலை, புரதம் நுழைந்தபின் அதை மடிப்பது.

சாற்றில் செய்துவிட்டு சைட்டோசோல் சேப்பரோனைப் பற்றிப் பேசுவது

சாற்றிலேயே எச்எஸ்பி70, எச்எஸ்பி90 இரண்டும் உண்டு. அவை தேவையா என்று கேட்பவர் பாக்டீரியாவில் உண்டாக்கி, தூய்மையாக்கி, யூரியாவில் அவிழ்த்த முன்னோடியில் தொடங்க வேண்டும். ஃபெரடாக்சின் முன்னோடி அப்படியே, எந்தச் சைட்டோசோல் துணையும் இல்லாமல் நுழையும். ஒளி அறுவடைப் புரதத்தின் முன்னோடி அவ்வளவு இணக்கமானதல்ல. ஒன்றில் கண்டதை மற்றதற்கும் எழுதுவதற்கு முன், இரண்டையும் ஒரே நாளில், ஒரே பசுங்கணிகத் தயாரிப்பில் ஓட்டிப் பாருங்கள்.